எட்டு இணைப்பும் ஒரு டிராக்டர் கிழங்கும்

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆலையில் கவுண்ட்டர்கள் ஏழு. ஒவ்வொன்றிலும் ஒருவர், ஒரு கணினி. ஒருவர் ஒரு சமயத்தில் ஒரு டோக்கனைத்தான் பார்க்க முடியும். ஆகவே டேட்டாபேஸுக்கு ஏழு இணைப்புகள் போதும். கைவசம் இருக்கட்டும் என்று ஒன்றைக் கூட்டி எட்டு என்று போட்டேன். இன்றைக்கு மறுபடி உட்கார்ந்து போடச் சொன்னாலும் காகிதத்தில் எட்டுதான் வரும்.

ஆலை என்றால் மரவள்ளியை அரைத்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை. ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் இருக்கிறது. மரவள்ளியை இந்தப் பக்கம் குச்சிக்கிழங்கு என்பார்கள். மார்கழியில் அதன் வரத்து உச்சத்தில் இருக்கும். வாசலில் டோக்கன் வாங்க வேண்டும், பிறகு எடைமேடை, பிறகு பாயிண்ட் அறை, பிறகு கொட்டும் களம், காலி வண்டிக்கு மறுபடி ஓர் எடை, கடைசியில் அலுவலகத்தில் இரண்டு மேசைகள். பாயிண்ட் என்பது கிழங்கில் மாவு எவ்வளவு என்பதற்கு இங்கே சொல்லும் அளவு. ஒரு கூடைக் கிழங்கைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்த்துச் சொல்வார்கள். இந்த ஏழு இடங்களிலும் கணினி உண்டு. டோக்கன் எண் இல்லாமல் எந்த வண்டியும் ஓர் அடி நகராது.

நான் வேலை பார்ப்பது சேலம் சூரமங்கலத்தில், ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில். ஆலையின் டோக்கன் மென்பொருள் எங்களுடையது. அதை எழுதியவர் வேலையை விட்டுப் போய் வெகு காலமாகிறது. பராமரிப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. போன வாரம் வரை எல்லாம் ஆலையிலேயே ஒரே கணினிப் பெட்டிக்குள் இருந்தன. இந்த ஆண்டு ஆலை முதலாளி டேட்டாபேஸை மட்டும் சேலத்தில் உள்ள தம் தலைமை அலுவலகத்துக்கு மாற்றினார். அவருடைய இன்னோர் ஆலையின் விவரங்களும் அங்கே இருக்கின்றன. அதைப் பார்த்துக்கொள்ள கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தை அமர்த்தியிருந்தார். அவர்கள் எங்களுக்கு ஒதுக்கியது பத்து இணைப்புகள். அதில் இரண்டு தினசரி நகல் எடுப்பதற்கு. மிச்சம் எட்டு. என் கணக்கும் அதுவும் ஒத்துப்போனதால் நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

ஆலையில் புதிதாக ஓர் அப்ளிகேஷன் சர்வரை, அதாவது மென்பொருள் ஓடும் கணினியை, நிறுவி, அது சேலத்து டேட்டாபேஸோடு பேசுவதற்கான ஏற்பாட்டைச் செய்து கொடுப்பது என் பொறுப்பு. இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள ஆலையின் களத்தைப் பார்த்தாலே போதும். கிழங்கு கொட்டும் இடத்தில் கூடைகள் ஓரமாக அடுக்கியிருக்கும். வேலைக்கு வந்த பெண் ஒரு கூடையை எடுப்பார், சுமப்பார், கொட்டுவார், திரும்பக் கொண்டுவந்து அடுக்குவார். ஆளுக்கொரு கூடை சொந்தமாக வேண்டியதில்லை. டேட்டாபேஸுக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக வழி திறப்பது நேரம் பிடிக்கும் காரியம். அதனால் சர்வர் சில இணைப்புகளை முன்பே திறந்து அடுக்கி வைத்திருக்கும். கேட்கிற திரைக்கு ஒன்றைக் கொடுக்கும், வேலை முடிந்ததும் திரும்ப வாங்கி வைத்துக்கொள்ளும். அந்த அடுக்குக்கு ஒரு பெயர், டேட்டாபேஸின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல், அதிகபட்சம் எத்தனை, எல்லாம் வெளியே போயிருந்தால் வந்தவர் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதையெல்லாம் நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

சனிக்கிழமை பிற்பகல் வரத்து நின்ற பிறகு சோதனை வைத்தேன். ஏழு கவுண்ட்டர்களிலும் ஆட்களை உட்காரவைத்து, இல்லாத வண்டிகளுக்கு டோக்கன் போடச் சொன்னேன். எல்லாரும் ஒரே சமயத்தில் போட்டார்கள். ஒருவருக்கும் காத்திருப்பு வரவில்லை. ஆலை மேனேஜர் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஞாயிறு ஆலைக்கு விடுமுறை. திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டேன். எதுவும் நடக்காது என்று தெரிந்தாலும் முதல் நாள் கூட இருப்பது என் வழக்கம்.

முதலில் எதுவும் நடக்கவில்லை. வண்டிகள் டோக்கன் வாங்கிக்கொண்டு போயின. பிறகு வாசல் கவுண்ட்டரில் இருக்கும் பெண் எட்டிப் பார்த்து, "அக்கா, இது சுத்திக்கிட்டே இருக்குதுங்க" என்றாள். அவளுக்கு முப்பது வயதிருக்கும். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். அவள் அறைக்கும் சர்வர் இருந்த அறைக்கும் நடுவில் ஒரு கதவுதான். நான் திரும்புவதற்குள் எடைமேடையிலிருந்தும் அதே புகார். சர்வரின் குறிப்பேட்டில் ஒரே வரி திரும்பத் திரும்ப விழுந்துகொண்டிருந்தது: காலியாக இணைப்பு ஏதும் இல்லை, காத்திருப்பு நேரம் முடிந்தது.

இது நடக்க முடியாத விஷயம். ஏழு பேர், எட்டு இணைப்பு.

சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். ஓடியது. ஐந்தாறு வண்டிகள் உள்ளே போயின. மறுபடி அதே வரி. மறுபடி நிறுத்தி ஓடவிட்டேன். மறுபடி ஓடி, மறுபடி நின்றது. கடவுச்சொல் தவறு என்றால் ஒன்றுகூட ஓடாது, திருத்திவிடலாம். கம்பி அறுந்திருந்தால் ஆள் விட்டுப் பார்க்கலாம். ஓடிவிட்டு நிற்கும் பழுதை எங்கே பிடிப்பது?

அந்த இடைவெளியில்தான் ஓர் அம்மாள் கவுண்ட்டர் ஜன்னலுக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும். தம்மம்பட்டிப் பக்கம் குத்தகைக்கு நிலம் எடுத்துக் குச்சிக்கிழங்கு போட்டிருக்கிறார். வாடகை டிராக்டரில் ஒரு லோடு ஏற்றிக்கொண்டு விடியும்போதே வந்தவர்.

"ஏம்மா, நம்பர் போட ஆரம்பிச்சிட்டாங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"இன்னும் இல்லைங்க. கொஞ்சம் பொறுங்க."

"பொறுத்துக்கலாம். கிழங்கு பொறுக்காதே. சனிக்கிழமை புடுங்கினது. அன்னிக்குத்தான் ஆள் கெடைச்சுது. நேத்து லீவுன்னுட்டாங்க. இன்னிக்கு அரைக்கலன்னா உள்ளார கருப்பு ஓடிடும். அப்புறம் இவங்களே வேணாம்னுடுவாங்க."

அதன் பிறகு எனக்குத் தனியாக யாரும் அவசரத்தை விளக்க வேண்டியிருக்கவில்லை. பிடுங்கிய கிழங்கு இரண்டு நாள் தாங்கும். வெயிலில் நின்றால் அதுவும் இல்லை. சதைக்குள் நீலமும் கருப்புமாக நூல் ஓடிவிடும், மாவு வெளுக்காது. டிராக்டருக்குப் பின்னால் கோத்திருந்த டிப்பரின் மேல் ஈரச் சாக்கு போட்டிருந்தார். அதையும் அடிக்கடி தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டிருந்தார்.

மேனேஜரிடம் போனேன். "சார், சரியாகிற வரைக்கும் கையில எழுதி டோக்கன் குடுங்க. சாயங்காலம் எல்லாத்தையும் நானே உட்கார்ந்து ஏத்திடறேன்."

"அது மட்டும் முடியாதுங்க மேடம்" என்றார். "போன சீசன்ல கம்ப்யூட்டர் நின்னப்ப கையில எழுதிக் குடுத்துத்தான் வந்துது வெனையே. ஒரே நம்பரை ரெண்டு பேர் வெச்சுக்கிட்டு நின்னு அடிச்சுக்கிட்டாங்க. ஒருத்தருக்கு மண்டையில தையல். கம்ப்யூட்டர் நம்பர்தான் வேணும்னு வெவசாயிங்கதான் கேட்டாங்க. இப்ப நான் பேனாவத் தொட்டன்னு வைங்க, மொதல்ல என்னையத்தான் தூக்கிப் போடுவாங்க."

அவர் சொன்னதும் பொய்யில்லை. அந்தச் சண்டைக்குப் பிறகு டோக்கனுக்கு இரண்டாம் நகல் அச்சிடவே முடியாதபடி மென்பொருளில் அடைத்துக் கொடுத்ததும் நாங்கள்தான்.

எண்ணிக்கையைக் கூட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் போதவில்லை என்று தெரியாமல் கூட்டுவது, ஓட்டை எங்கே என்று பார்க்காமல் குடத்துக்குள் தண்ணீர் ஊற்றுகிற வேலை. ஆனால் வெளியே வண்டிகள் சாலை வரை நின்றன. அதிகபட்சம் இருபது என்று மாற்றினேன். இப்போது புதிய வரி வந்தது, டேட்டாபேஸிடமிருந்து: உங்களுக்கு அனுமதித்த அளவு முடிந்துவிட்டது. கோயம்புத்தூருக்கு ஃபோன் செய்தேன்.

"உங்க யூசருக்குப் பத்துதான் லிமிட் மேடம்" என்றார் அங்கிருந்தவர். குரலில் தூக்கம் கலந்த பொறுமை.

"தெரியும். அதை இருபது ஆக்கணும்."

"ரெண்டு நிமிஷ வேலைதான் மேடம்."

"அப்படின்னா பண்ணுங்க."

"ரிக்வெஸ்ட் மெயில் வரணும். கிளையண்ட் அப்ரூவல் பண்ணணும். அப்புறம் ரெண்டு நிமிஷம்."

"கிளையண்டோட மேனேஜர் என் எதிர்லதான் நிக்கறார். பேசறீங்களா?"

"பேசறதுக்கென்ன மேடம், பேசலாம். ஆனா அப்ரூவல் லிஸ்ட்ல அவர் பேர் இல்லையே. ஓனர் பேர்தான் இருக்கு. காரணத்தையும் மெயில்லயே தெளிவா எழுதிருங்க. சும்மா போதலைன்னா எங்க சைடுல ரிஜெக்ட் ஆயிடும்."

முதலாளி இருமுடி கட்டி சபரிமலைக்குப் போயிருந்தார். மேனேஜர் இரண்டு முறை முயன்றார். தொடர்புக்கு அப்பால் என்றே வந்தது. "மலை ஏறிக்கிட்டிருப்பாருங்க. எறங்கி பம்பைக்கு வந்தாத்தான் லைன் கெடைக்கும்" என்றார். நான் மெயிலை எழுத ஆரம்பித்து, காரணம் என்ற இடத்தில் நின்றேன். எனக்கே தெரியாத காரணத்தை என்னவென்று எழுதுவது? ஏழு பேருக்கு எட்டு போதவில்லை என்று எழுதினால் கோயம்புத்தூர்க்காரர் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்பது எனக்குத் தெரியும். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையே நினைப்பேன்.

அறைக்குள் புளித்த மாவின் வாடை கனத்திருந்தது. புதிய ஆட்களுக்கு அது குமட்டும். எனக்குப் பழகிவிட்டது, ஆனால் அன்றைக்குப் பழகாதது போல இருந்தது.

கவுண்ட்டர் கவுண்ட்டராக நடந்தேன். எல்லாரும் ஒழுங்காக ஒரு திரையை வைத்துக்கொண்டு, சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடைமேடைக்காரர், "சனிக்கெழம பொய் வண்டிக்கெல்லாம் நல்லா ஓடுச்சுங்களே மேடம். நெஜ வண்டின்னா அதுக்கும் பயமாட்ட இருக்குது" என்றார். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் எனக்கு அந்தப் பேச்சு உறுத்தியது. சனிக்கிழமைக்கும் இன்றைக்கும் என்ன வேறுபாடு என்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். அதே ஆட்கள், அதே கணினிகள், அதே எண்கள். வண்டி மட்டும்தான் வேறு. வண்டியைப் பற்றி டேட்டாபேஸுக்கு என்ன தெரியும்?

திரும்பி வரும்போது அந்த அம்மாள் வழிமறித்தார். கூடவே டிராக்டர் ஓட்டி வந்தவர்.

"இந்தம்மாதான் ரிப்பேர் பண்றாங்களாம்" என்று அவரிடம் என்னைக் காட்டினார்.

"ரிப்பேர் பண்றாங்களா, ரிப்பேர் ஆக்கறாங்களா?" என்றார் ஓட்டுநர். "போன வாரம் வரைக்கும் நல்லாத்தானே இருந்துது. எனக்கு மத்தியானம் இன்னொரு நடை இருக்குது. டிப்பரை இங்கயே கழட்டி உட்டுட்டுப் போவட்டுமா?"

"சும்மா இருப்பா" என்று அவரை அடக்கிவிட்டு அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். "எத்தன மணிக்கு ஆவும்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. ஆவாதுன்னா வேற ஆலைக்காவது ஓட்டிக்கிட்டுப் போறேன்."

அடுத்த ஆலைக்கு அரை மணி நேரப் பயணம். அங்கேயும் வரிசை இருக்கும், பின்னால் போய் நிற்க வேண்டும். போங்கள் என்று சொல்லி, அவர் போன பத்தாவது நிமிடத்தில் இங்கே சரியாகிவிட்டால்? இருங்கள் என்று சொல்லி, சாயங்காலம் வரை சரியாகாவிட்டால்? தெரியவில்லை என்று சொன்னேன். அதுதான் உண்மை. அவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவர் போகவில்லை. சாக்கை நனைக்கப் போனார்.

சர்வரில் இன்னோர் ஏற்பாடு உண்டு. இணைப்பை வாங்கிக்கொண்டு போனவர் குறிப்பிட்ட நேரத்துக்குள் திருப்பித் தராவிட்டால், சர்வரே பறித்துக்கொள்ளும். முரட்டு ஏற்பாடு. நியாயமாக வேலை செய்துகொண்டிருப்பவரிடமிருந்தும் பிடுங்கிவிடும் என்பதால் நான் அதைத் தொடுவதில்லை. வேறு வழி தெரியாமல் இரண்டு நிமிடம் என்று போட்டுச் சேமித்தேன்.

உடனே வழி பிறந்தது. வாசலில் அச்சு இயந்திரம் சத்தம் போட்டது. ஒரு லாரி உள்ளே போனது, இன்னொன்று. நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டேன். அதற்குள் களத்திலிருந்து கத்தல் கேட்டது: எடை போட்டுப் பாதியில் இருந்த லாரி ஒன்றின் பதிவு காணாமல் போயிருந்தது. நான் பயந்தபடியே. அதற்கு ஓடுவதற்குள் வாசல் கவுண்ட்டர்ப் பெண் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, என்ற போணியக் காணமுங்க."

"எது?"

"போணி டோக்கனுங்க்கா. காலையில மொதல்ல போட்டது. செவப்பா என்னமோ வந்துட்டு மூடிக்கிச்சு. நீங்க எதுனாச்சும் பண்ணுனீங்களா?"

அவளுடைய கணினிக்குப் போய்ப் பார்த்தேன். வேலை செய்யும் திரைக்குப் பின்னால், சுருக்கி வைத்த இன்னொரு திரை. அதில் பிழைச் செய்தி. பக்கத்துக் கவுண்ட்டருக்குப் போனேன். அங்கேயும் ஒன்று கீழே சுருங்கி இருந்தது. எடைமேடையில், பாயிண்ட் அறையில், அலுவலகத்து இரண்டு மேசைகளிலும். ஏழிலும் இருந்தது.

அவள் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. கையால் டோக்கன் எழுதிய காலத்தில், நாளின் முதல் டோக்கனின் அடிக்கட்டையைச் சாமி படத்தின் முன்னால் வைப்பார்கள். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகுதான் எடுப்பார்கள். போணியை நடுவில் எடுத்தால் வரத்து நின்றுவிடும் என்று ஒரு நம்பிக்கை. கணினி வந்த பிறகு இரண்டாவது நகல் ஒன்றை அச்சிட்டு வைத்தார்கள். நாங்கள் நகலை அடைத்ததும் அதுவும் போயிற்று. ஆகவே நாளின் முதல் பதிவைத் திறந்து, மூடாமல் கீழே சுருக்கி வைத்துவிட்டு, இன்னொரு திரையைத் திறந்து வேலை பார்க்கிறார்கள். வாசலில் ஆரம்பித்த பழக்கம் ஏழு கவுண்ட்டருக்கும் பரவியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித் தனிப் போணி.

எங்கள் மென்பொருளோ பழைய கட்டு. ஒரு டோக்கனைத் திறந்தால், அதை மூடும் வரை ஓர் இணைப்பைக் கையில் பிடித்துக்கொண்டே இருக்கும். ஏழு போணிக்கு ஏழு இணைப்பு. மிச்சம் இருந்த ஒன்றில்தான் ஆலை முழுவதும் காலையிலிருந்து ஓடியிருக்கிறது. நான் நிறுத்தி ஓடவிடும்போதெல்லாம் போணித் திரைகள் மறையும், வேலை நடக்கும். அவர்கள் ஒவ்வொருவராகக் கவனித்து, பதறிப்போய், மற்ற வேலையை விட்டுவிட்டு முதலில் போணியைத் தேடித் திறந்து வைப்பார்கள். மறுபடி அடைபடும். பழைய பெட்டியில் எண்ணிக்கைக்கு வரம்பே இல்லாததால் இது யார் கண்ணிலும் படவில்லை. சனிக்கிழமை வந்தவை பொய் வண்டிகள். பொய் வண்டிக்கு யார் போணி வைப்பார்கள்?

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று பார்த்தால் ஆள் இல்லை. நகலை அடைக்கக் கேட்ட மேனேஜர் மேல் கோபப்பட முடியாது, மண்டை உடைந்து தையல் போட்டுக்கொண்டவரைக் கண்ணால் பார்த்தவர் அவர். இந்தப் பெண் மேலும் கோபப்பட முடியாது. சொல்லாமல் விட்டாளே என்றால், நான் கேட்கவே இல்லை. கீழே சுருங்கிக் கிடக்கும் ஒன்றைக் கேட்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மேனேஜரிடம் சொன்னேன். "எல்லாரும் போணித் திரையை மூடணும் சார். மூடினா இந்த நிமிஷமே ஓடும்."

அவர் இரண்டு கைகளையும் விரித்தார். "மேடம், வேற எது வேணும்னாலும் சொல்லுங்க. சீசன் நடுவுல போணிய மூடச் சொல்லி நான் எப்படிங்க சொல்றது? நாளைக்கு வரத்து கொறஞ்சா என்ற தலையிலதான் விடியும்."

"வரத்து இப்ப ரோட்டுல நிக்குது சார். உள்ள வர முடியாமத்தான் நிக்குது."

"அது வேறைங்க. முதலாளிய ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அவர் மலையில இருக்கார்."

"அதாங்க."

வாசல் கவுண்ட்டர்ப் பெண் எங்கள் பேச்சைக் கேட்டபடி நின்றிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே அந்த அம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஒரு வழி சொன்னேன்: போணித் திரையை ஃபோனில் படம் எடுத்து, ஃபோனையே சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடலாம்.

"போட்டோவெல்லாம் போணி ஆகுமுங்களா?" என்றார் மேனேஜர்.

அந்தப் பெண்தான் பதில் சொன்னாள். "நாம கும்புடறதும் போட்டோவத்தானுங்களே சார். நெசச் சாமியவா இங்க மாட்டி வெச்சிருக்கறீங்க?"

மேனேஜர் மேலே மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "வாய் இருக்குதே உனக்கு" என்றார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் அதற்குள் முதல் டோக்கனைத் திறந்து, படம் எடுத்து, ஃபோனை ஊதுபத்தி நிறுத்தும் தட்டின் ஓரமாகச் சாய்த்து வைத்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு திரையை மூடினாள். சர்வரில் ஓர் இணைப்பு திரும்பி வந்ததைப் பார்த்தேன். எடைமேடைக்காரர் மூட மாட்டேன் என்று கொஞ்ச நேரம் முரண்டு பிடித்தார். பாயிண்ட் அறையில், "அவிய மூடட்டும், அப்பறம் நான் மூடறேன்" என்றார்கள். ஏழையும் மூடவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. பறித்துக்கொள்ளும் ஏற்பாட்டை நீக்கினேன். காணாமல் போன லாரிப் பதிவை மறுபடி ஏற்றிக் கொடுத்தேன். குறிப்பேட்டில் அந்த வரி விழுவது நின்றது.

வரிசை ஒழுங்காக நகர்ந்தது. அந்த அம்மாளின் டிராக்டர் உள்ளே போனபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. நான் கோயம்புத்தூருக்கான மெயிலை எடுத்துக் காரணத்தை எழுதினேன்: கவுண்ட்டர் ஒன்றுக்கு இரண்டு இணைப்புகள் தேவைப்படுகின்றன. சுருக்கமாகவும் உண்மையாகவும் இருந்தது. அவர்கள் ஏன் என்று கேட்பார்கள் என்றும் தெரிந்தது. முதலாளியின் ஒப்புதலுக்கு அனுப்பினேன். அவர் எப்போது இறங்குவார் என்று யாருக்கும் தெரியாது. நாளைக் காலை ஏழு பேரும் ஃபோனில் படம் எடுத்துவிட்டுத் திரையை மூடுவார்களா என்பதும் தெரியாது. எடைமேடைக்காரர் மூட மாட்டார் என்றே பட்டது.

களத்துக்குப் போய்ப் பார்த்தேன். பார்க்கத் தேவையில்லை, ஆனால் போனேன்.

சூப்பர்வைசர் டிப்பரின் மேலிருந்து ஒரு கிழங்கை எடுத்து முறித்தார். வெள்ளைச் சதைக்கு நடுவில் நீல நிறத்தில் கோடுகள். இன்னொன்றை முறித்தார், அதேதான். கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒன்றை இழுத்து முறித்தார். அது சுத்தமாக இருந்தது.

"அடியில இருக்கறது ஆகுமுங்க. மேலாப்புல இருக்கறத ஒதுக்கிப் போடுங்க" என்றார்.

"காலையில இருந்து உங்க வாசல்லதானேப்பா நிக்கறேன்" என்றார் அந்த அம்மாள். "வரும்போது ஒரு கோடு இல்ல. ஒடச்சுப் பாத்துத்தான் ஏத்துனேன்."

மேனேஜரை அழைத்து வந்தேன். தாமதம் எங்களால்தான், அவரால் இல்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். மேனேஜர் ஒப்புக்கொண்டார். "நெசந்தானுங்க. ஆனா இத அரைச்சா மாவு கறுத்துப் போயிருங்க மேடம். நல்ல கெழங்கோட சேந்து அதுவும் கெட்டுரும். யாருங்க வாங்குவாங்க?"

மேலாக இருந்ததைப் பெண்கள் கூடையில் அள்ளிக் களத்துக்கு வெளியே கொட்டினார்கள். கிட்டத்தட்ட கால் லோடு இருக்கும். மீதியை எடை போட்டு, பாயிண்ட் பார்த்து, களத்தில் கொட்டினார்கள். அந்த அம்மாள் குவியலில் இருந்து இரண்டு மூன்று கிழங்குகளை எடுத்து முறித்துப் பார்த்துவிட்டுப் போட்டார். பிறகு என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"ஏம்மா, எனக்கு இன்னும் பாதிக் காடு அப்படியே நிக்குது" என்றார். "நாளைக்குப் புடுங்க ஆளுங்க வர்றதாச் சொல்லியிருக்காங்க. நாளன்னிக்குக் காலையில கொண்டாரணும். உன் மிஷின் ஓடுமா?"

மேனேஜர் எனக்கு முன்பே, "ஓடுமுங்க, அதான் சரி பண்ணியாச்சே" என்றார்.

அந்த அம்மாள் அவரைப் பார்க்கவில்லை. "நீ சொல்லும்மா. புடுங்கச் சொல்லட்டுமா, வேணாமா? மண்ணுக்குள்ள இருந்தா ஒண்ணும் ஆவாது. புடுங்கிட்டா என் கையில இல்ல."

முதலாளி இறங்கி, மெயிலைப் பார்த்து, கோயம்புத்தூர்க்காரர் ஏன் என்று கேட்டு, நான் விளக்கி, அவர் எண்ணை மாற்ற வேண்டும். அது நடக்காவிட்டால் ஏழு பேரும் நாளையும் மறுநாளும் போணியை மூட வேண்டும். இதில் ஒன்றுகூட என் கையில் இல்லை. ஓடும் என்று சொல்வது எளிதாக இருந்தது.

"வேண்டாங்க" என்றேன். "இப்ப புடுங்க வேண்டாம்."

மேனேஜர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்த அம்மாள் தலையாட்டிவிட்டு, இடுப்பில் செருகியிருந்த ஃபோனை எடுத்து, அங்கேயே நின்று ஆட்களின் மேஸ்திரியைக் கூப்பிட்டார். மேஸ்திரியின் குரல் எனக்கும் கேட்டது. நாளை வராவிட்டால் வேறு காட்டுக்கு ஒப்புக்கொண்டுவிடுவேன், அப்புறம் பொங்கல் கழிந்துதான் வர முடியும் என்றார். அதற்குள் மழை வந்து கிழங்கு மண்ணிலேயே அழுகினால் என்ன செய்வாய் என்றும் கேட்டார்.

"வந்தா வருது" என்றார் அந்த அம்மாள். "பொங்கல் கழிச்சே வாங்க."

ஃபோனை மறுபடி செருகிக்கொண்டு, காலி டிப்பருக்கு எடை போடும் வரிசையைக் காட்டி, "அங்கயும் உன் கம்ப்யூட்டர்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் அந்த வரிசையின் கடைசியில் போய் நின்றார்.